சின்ன நாய் வளர்க்கிற வீட்டில் எலி, தேரை, உண்ணி, பாம்பு: என்ன செய்வது?

சின்ன நாய் வைத்திருக்கிறவர்கள் முதலில் பயப்படுவது பருந்துக்கும் பாம்புக்கும்தான். நானும் அப்படித்தான் வானத்தையும் புதரையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் காலையில் எங்கள் நாய் மிளகு மாடிப்படிக்கு அடியில் எதையோ நறநறவென்று கடிக்கிற சத்தம் கேட்டு ஓடிப்போய், வாயைத் திறந்து விரலை விட்டு எடுத்தேன். பச்சை நிறத்தில், எச்சிலில் பாதி ஊறிய கட்டி. எலி மருந்து. நாங்கள் வைக்கவில்லை; பக்கத்து வீட்டில் வைத்ததை எலி இழுத்து வந்து அங்கே போட்டுவிட்டுப் போயிருக்கிறது. மிளகின் எடை மூன்றரைக் கிலோ. பெரிய நாய் தாங்கிக்கொள்கிற அளவே அவள் உயிரை எடுத்துவிடும்.

அன்றிலிருந்து தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: நம்மைச் சுற்றி வாழ்கிற உயிர்களைவிட, அவற்றை ஒழிக்க மனிதர்கள் வைக்கிற மருந்தும் பசையும்தான் சின்ன நாய்க்கு முதல் ஆபத்து. அதனால் எலியில் தொடங்குகிறேன்.

எலி மருந்தைத் தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, அப்போதே மருத்துவரிடம் கிளம்புங்கள். "நன்றாகத்தானே விளையாடுகிறது, பார்க்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் புரோடிஃபகம், புரோமடியோலோன் மாதிரியான மருந்துகள் ரத்தம் உறைய உடம்புக்கு வேண்டிய வைட்டமின் கே-யின் வேலையை நிறுத்திவிடுபவை. உடம்பில் ஏற்கெனவே இருக்கிற இருப்பு தீரும் வரை வெளியே ஒன்றுமே தெரியாது. மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், இருமும், எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் படுத்துக்கொள்ளும். அதற்குள் உள்ளே ரத்தம் கசிய ஆரம்பித்திருக்கும். சீக்கிரம் போனால் வாந்தி எடுக்க வைத்து, வைட்டமின் கே1 மாத்திரையைச் சில வாரங்கள் கொடுத்துக் காப்பாற்றிவிடலாம். மிளகு அப்படித்தான் பிழைத்தாள்.

போகும்போது மருந்தின் அட்டையையோ மிச்சமிருக்கிற துண்டையோ கட்டாயம் எடுத்துக்கொண்டு போங்கள். எல்லா எலி மருந்தும் ஒரே மாதிரி இல்லை. புரோமெதலின் மூளையைத் தாக்கும், அதற்கு மாற்று மருந்தே கிடையாது. துத்தநாக பாஸ்பைடு வயிற்று அமிலத்தில் பட்டதும் நச்சு வாயுவாகிறது, சாப்பாடு கொடுத்தால் அமிலம் சுரந்து இன்னும் மோசமாகும். வண்டியில் வாந்தி எடுத்தால் அந்த வாயு உங்களுக்கும் கெடுதல், கண்ணாடியை இறக்கிவிடுங்கள். வீட்டில் உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்கிற வேலையே வேண்டாம், சின்ன உடம்பில் அந்த உப்பே விஷமாகிவிடும்.

சரி, மருந்து வைக்காமல் எலியை என்ன செய்வது? அதன் சாப்பாட்டை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். நாய்த் தீனியை மூட்டையோடு வைக்காதீர்கள், இறுக்கமாக மூடுகிற தகர டப்பாவில் போடுங்கள். சாப்பாட்டுத் தட்டை இரவில் வெளியே விடாதீர்கள். முற்றத்தில் நாய் போட்ட மலத்தை அன்றன்றைக்கே அள்ளிவிடுங்கள். எலி அதையும் தின்னும் என்று பலருக்குத் தெரியாது. பறவைகளுக்குத் தானியம் போடுகிறவராக இருந்தால் மாலையில் சிந்தியதைக் கூட்டிவிடுங்கள். அப்புறம் ஓட்டைகள். சுண்டெலி நுழைய ஆறு மில்லிமீட்டர் இடைவெளி போதும், அதாவது ஒரு பென்சில் போகிற அளவு. குழாய் சுவருக்குள் போகிற இடம், கதவின் அடிப்பக்கம், ஜன்னல் மூலை எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்து, எஃகுக் கம்பிச் சுருளைத் திணித்து மேலே சிமெண்டு பூசுங்கள். வெறும் பஞ்சோ ஃபோமோ வைத்தால் ஒரே இரவில் கடித்துப் போட்டுவிடும்.

பொறி வைப்பதென்றால் நாய் மூக்கை நுழைக்க முடியாத இடத்தில், பூட்டிய அலமாரிக்குள்ளோ கனமான சாமானுக்குப் பின்னாலோ வையுங்கள். ஒட்டுப்பலகையை நான் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை, எலிக்கும் அது கொடுமையான சாவு. நாய் அதில் மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், தோலே கிழியும். சமையல் எண்ணெயைத் தடவித் தடவி மெதுவாகப் பிரித்தெடுங்கள். பாச்சை உருண்டையும் நாய்க்கு விஷம்தான், நத்தைக்கு வைக்கிற மெட்டால்டிஹைடும் விஷம்தான். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நேரில் போய் ஒரு தடவை சொல்லுங்கள்: மருந்து வைப்பதாக இருந்தால் முன்னாலேயே சொல்லுங்கள், பூட்டு போட்ட பெட்டிக்குள் வையுங்கள் என்று. கோபமாகப் போகாதீர்கள், நாயைக் கையில் தூக்கிக்கொண்டு போங்கள். மருந்து தின்ற எலியைத் தின்று ஆந்தையும் பூனையும்கூடச் சாகின்றன என்பதையும் சொல்லுங்கள். எலியைக் குறைக்கிற ஆளையே கொன்றால் எலி பெருகத்தான் செய்யும்.

எலியைப் பார்த்தால் சின்ன நாய் சும்மா இருக்காது. யார்க்‌ஷயர் டெரியரை ஒரு காலத்தில் ஆலைகளில் எலி பிடிக்கத்தான் வளர்த்தார்கள், டாக்ஸ்ஹுண்ட் வளைக்குள் நுழைவதற்கென்றே குட்டைக் காலோடு உருவான ஜாதி. திட்டிப் பயனில்லை. எலிச் சிறுநீரில் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், அது தேங்கிய தண்ணீரிலும் கலந்திருக்கும், நாய்க்கு வந்தால் நமக்கும் தொற்றலாம். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது: முதலில் சில வார இடைவெளியில் இரண்டு, பிறகு வருடத்துக்கு ஒன்று. வழக்கமாகப் போடுகிற ஊசியில் இது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நான் இரண்டு வருடம் கேட்கவே இல்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சொல்லைப் பழக்குங்கள்: "விடு". கையை மூடி அதற்குள் ஒரு சாதாரணத் தீனித் துண்டை வைத்துக்கொண்டு மூக்குக்கு நேரே நீட்டுங்கள். முட்டும், நக்கும், பிராண்டும், குரைக்கும். எதுவும் பேசாமல் இருங்கள். ஒரு நொடி முகத்தைத் திருப்பும் பாருங்கள், அந்த நொடியில் "விடு" என்று சொல்லி, மற்றக் கையிலிருந்து அதைவிட நல்ல துண்டைக் கொடுங்கள். தினமும் ஐந்து நிமிடம். அடுத்து தரையில் வைத்து, அடுத்து நடைப்பயிற்சியில். வாயிலிருப்பதை விட்டால் அதைவிட நல்லது கிடைக்கும் என்று அதற்குப் பதிந்துவிட வேண்டும். துரத்திப் பிடுங்கிக்கொண்டே இருந்தால் அவசரமாக விழுங்கத்தான் கற்றுக்கொள்ளும்.

மழை பெய்த இரவில் தேரை வரும். தேரையின் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கிற சுரப்பியில்தான் விஷம். வாயில் கவ்வியதும் எச்சில் நுரைநுரையாக வழியும், முன்காலால் வாயைத் தேய்த்துக்கொள்ளும், ஈறு சிவக்கும். உடனே தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, ஈரத் துணியால் ஈறையும் நாக்கையும் துடையுங்கள், துணியை அலசி அலசித் துடையுங்கள். குழாயைப் பிடித்தால் தண்ணீர் கன்னத்தின் பக்கவாட்டிலிருந்து முன்னால் ஓடி வெளியே விழ வேண்டும், தொண்டைக்குள் போகக் கூடாது. தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ துடைத்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்; சில தேரை இனங்கள் சின்ன நாயைக் கொன்றுவிடும்.

உண்ணிக்கு வருகிறேன், அதிகம் பேருடைய தலைவலி இதுதான். நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து குடும்பம் நடத்தும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது, அதுவும் நாயின் மேல் இடுவதில்லை, சுவர் விரிசலிலும் கட்டிலின் மூட்டிலும் போய் இடுகிறது. அதனால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு உட்கார்ந்தால் தீராது. படுக்கைத் துணியை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவையுங்கள், விரிசலை அடையுங்கள். தெள்ளுப்பூச்சியும் அப்படித்தான், அதன் கூடு தரைவிரிப்பில் மாதக்கணக்கில் கிடக்கும், விடாமல் வாக்குவம் போட்டால்தான் தீரும். வெளியே போய் வந்ததும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள்: விரலிடுக்கு, காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், வாலடி. உண்ணி இருந்தால் கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். மருந்தை நாயின் எடைக்கு வாங்குங்கள், பெரிய நாயின் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது ஆபத்து. வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்து கலந்த எதையும் உள்ளே கொண்டுவராதீர்கள், நாய்க்கு ஒத்துக்கொள்கிற அது பூனையைக் கொல்லும். கொசு இதயப்புழுவைப் பரப்புகிறது. அதற்கு மாதாந்திரத் தடுப்பு மருந்து உண்டு, ஆனால் வளர்ந்த நாய்க்கு ரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான் தொடங்க வேண்டும்.

பருந்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. பெரும்பாலான வேட்டைப் பறவைகள் தங்கள் எடைக்கு மேல் தூக்கிப் பறக்காது. ஆனாலும் நகம் பட்டால் ஆழமான காயம், அதனால் குட்டியை மொட்டை மாடியில் தனியாக விடாதீர்கள்.

பாம்புக்கு ஒன்றரை இரண்டு மீட்டர் லீஷ், வெட்டிய புல், இரவில் டார்ச். எலி குறைந்தால் அதுவும் குறையும். கடித்துவிட்டால் கட்டு போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பாம்பைத் தேடிப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம், விஷமுறிவு மருந்து எங்கே இருக்கிறது என்று போனில் கேட்டுக்கொண்டே போங்கள்.

பெரிய நாயோ நரியோ குரங்கோ எதிரே வந்தால், தூக்குவதாக இருந்தால் தூரத்திலேயே தூக்கிக்கொண்டு விலகுங்கள், கிட்டே வந்த பிறகு தூக்கினால் உங்கள் மேல் பாயும். கடி பட்டுவிட்டால் வெளியே தெரிகிற இரண்டு பல் தடத்தை நம்பாதீர்கள். கவ்வி உதறியதில் தோலுக்கு அடியில் தசை பிய்ந்திருக்கும், விலா உடைந்திருக்கும். அன்றைக்கே காட்டுங்கள். ரேபிஸ் ஊசி ஏற்கெனவே போட்டிருந்தாலும் சொல்லுங்கள், மறுபடியும் ஒன்று போட வேண்டியிருக்கும். உங்களைக் கடித்தாலோ பிராண்டினாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். வலிக்கு நீங்கள் போடுகிற மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். இபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் அந்த உடம்புக்கு ஆகாது.

எங்கள் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பகல் மருத்துவர் எண், இரவு திறந்திருக்கிற மருத்துவமனை எண், மிளகின் எடை, கடைசியாக ஊசி போட்ட தேதி. எடையை மாதம் ஒரு முறை பார்த்து அடித்து எழுதுகிறோம். போனில் முதலில் கேட்பது அதைத்தான். அதே தாளின் நகல் ஒன்று பக்கத்து வீட்டிலும் இருக்கிறது, அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.