மசக்கை வாந்தி: முதல் முறை கர்ப்பமானவர்களுக்கான செய்முறை

"மசக்கைன்னா அப்படித்தான், பொறுத்துக்கோ" என்று வீட்டில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆரம்பத்திலேயே கவனித்தால் இதைப் பெரும்பாலும் அடக்கிவிடலாம். முற்றவிட்டால்தான் சிரமம். பொதுவாக 6ஆவது வாரம் வாக்கில் தொடங்கி, 9ஆவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், 16 முதல் 20 வாரத்துக்குள் அடங்கும். காலையில் மட்டும்தான் வரும் என்றில்லை.

முதலில் வயிற்றைக் காலியாக விடாதீர்கள். இரவே தலைமாட்டில் இரண்டு ரஸ்க்கோ கொஞ்சம் பொரியோ வைத்துக்கொள்ளுங்கள். கண் விழித்ததும் படுத்தபடியே மென்று தின்றுவிட்டு, கால் மணி நேரம் கழித்து மெதுவாக எழுந்திருங்கள். அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்: ஒரு இட்லி, நாலு வாய் தயிர்சாதம், ஒரு கை சுண்டல். ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு, அதனால் எளிதாக இறங்கும். தாளிக்கிற வாசனையே ஆகவில்லை என்றால் அடுப்படியை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். இது செல்லம் கொடுப்பது இல்லை, வைத்தியத்தில் ஒரு பகுதி.

தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காதீர்கள். அரை மணி நேரம் முன்னோ பின்னோ, மடக்கு மடக்காகக் குடியுங்கள். மோர், இளநீர், எலுமிச்சைச் சாறு எது தங்குகிறதோ அது. வாந்தி அதிகமான நாளில் ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம்.

இஞ்சி உண்மையிலேயே குமட்டலைக் குறைக்கும். ஒரு நாளைக்குச் சுக்குப்பொடி சுமார் 1 கிராம், அதாவது அரை டீஸ்பூன் போதும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

இதற்கும் அடங்கவில்லையா? மாத்திரை கேளுங்கள். இங்கேதான் பலர் பயப்படுகிறார்கள். பயத்துக்குக் காரணம் இருக்கிறது: 1950களின் கடைசியில் மசக்கைக்குக் கொடுத்த தாலிடோமைடு ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கை கால்களைப் பாதித்தது. ஆனால் இன்று முதலில் எழுதித் தரும் டாக்சிலமின், பைரிடாக்சின் (வைட்டமின் பி6) கூட்டு மாத்திரை வேறு. இதன்மேலும் வழக்குகள் வந்ததால் 1983இல் தயாரித்த நிறுவனமே அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. ஏராளமான கர்ப்பிணிகளிடம் ஆராய்ந்தும் குழந்தைக்குக் கேடு தெரியாததால் 2013இல் அங்கே மறுபடி அனுமதி கிடைத்தது. பெரும்பாலும் இரவில் தொடங்குவார்கள். வாந்தி வந்த பிறகு போடுவதைவிட, சொன்ன நேரத்துக்குத் தினமும் போட்டால்தான் பலன். தூக்கம் வரும், ஆகவே ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். கடையில் நீங்களாக வாங்கிப் போடவும் வேண்டாம்.

இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டுகிறது என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், சில வாரம் தள்ளிவைக்கலாம். ஃபோலிக் அமிலத்தை மட்டும் விடாதீர்கள்.

வாந்தி எடுத்ததும் வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். உடனே பல் தேய்த்தால் எனாமல் தேயும்.

எப்போது காத்திருக்கக் கூடாது: ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை அல்லது அடர்மஞ்சளாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது, வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்றுவலி, எடை குறைகிறது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீரில் கீட்டோன் (சாப்பாடு தங்காமல் உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது வருவது) பார்த்து, டிரிப்ஸ் ஏற்றி, தயமின் (வைட்டமின் பி1) கொடுப்பார்கள். வாந்தி நாள்கணக்கில் நீடித்திருந்தால் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் கொடுப்பது அவசியம், அதனால் எத்தனை நாளாகச் சாப்பாடு தங்கவில்லை என்பதை மறக்காமல் சொல்லுங்கள். நடக்க முடியாத நிலை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள்.