புறக்கோள் செய்தி படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புறக்கோள் என்றால் சூரியனை அல்லாமல் வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி இப்படி ஒரு 'புதிய கோள்' வந்துவிடுகிறது, கூடவே நீலமும் ஆரஞ்சுமாக அழகான ஒரு படம். அதை ஃபோட்டோ என்று நம்புவதுதான் முதல் தவறு. அநேகமாக எல்லாமே ஓவியர் வரைந்தவை. நிஜமாகப் படம் பிடிக்கப்பட்ட கோள்கள் கொஞ்சம்தான், அவையும் மங்கலான புள்ளிகள். மற்றதையெல்லாம் யாரும் பார்க்கவே இல்லை. பெரும்பாலும் விண்மீனின் வெளிச்சம் துளி குறைந்ததையோ கோளின் இழுப்பில் அது லேசாகத் தள்ளாடியதையோ அளந்து, மீதியைக் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். அதனால் எந்தச் செய்தியானாலும் எதை அளந்தார்கள் என்று முதலில் தேடுங்கள்.

நம்ம தென்னாப்பிரிக்காவிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கரூ வறண்ட நிலப்பகுதியில் சதர்லாந்து என்றால் எல்லாருக்கும் 11 மீட்டர் சால்ட் தொலைநோக்கிதான் ஞாபகம் வரும். அதே மேட்டில் 2006இல் வாஸ்ப்-சவுத் என்று ஒன்று வேலையைத் தொடங்கியது: ஒரே தாங்கியில் எட்டு கேமரா, ஒவ்வொன்றிலும் கேனன் 200 மி.மீ. லென்ஸ், டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில் கிரிக்கெட் படம் எடுப்பவர்கள் வைத்திருப்பார்களே, அந்த ரகம். அதை வைத்துக்கொண்டு வியாழன் அளவுக் கோள்களை வரிசையாகப் பிடித்தார்கள்.

2009இல் அறிவித்த இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம், வாஸ்ப்-17பி, வாஸ்ப்-18பி. கோள் குறுக்கே போகும்போது விண்மீனின் வெளிச்சம் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு குறைகிறது. அதிலிருந்து தெரிவது அகலம் மட்டுமே, எடை தெரியாது. சிலியிலுள்ள தொலைநோக்கிகள் விண்மீனின் தள்ளாட்டத்தை அளந்த பிறகுதான் வேடிக்கை தெரிந்தது: 17பி வியாழனைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அகலம், எடையோ பாதிதான். 18பி அகலத்தில் வியாழனைவிடக் கொஞ்சமே பெரிது, எடை பத்து மடங்கு, 23 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். 'வியாழனைப் போன்ற கோள்' என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் எப்படி? அப்புறம், இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று மறைத்தாலும் வெளிச்சம் இதே மாதிரிதான் குறையும், அதை விலக்காமல் யாரும் கோள் என்று சொல்ல மாட்டார்கள்.

தள்ளாட்டத்தை மட்டும் வைத்துச் சொன்னால் வேறொரு பொறி. அதில் கிடைப்பது குறைந்தபட்ச எடை, 'இவ்வளவாவது இருக்கும்' என்பதுதான். செய்தியில் அந்த 'ஆவது' காணாமல் போய்விடும். 1989இல் எச்டி 114762 என்ற விண்மீனைச் சுற்றி வியாழனைப்போல் 11 மடங்காவது எடையுள்ள ஒன்று தெரிந்தது. முதல் புறக்கோள் இதுவாகத்தான் இருக்கும் என்றுகூடப் பேசினார்கள். பல வருஷம் கழித்து கையா விண்கலத்தின் அளவுகள் வந்தபோது அது கோளே இல்லை, ஒரு சிறிய சிவப்பு விண்மீன் என்று ஆனது. சுற்றுப்பாதையை நாம் கிட்டத்தட்ட மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததால் தள்ளாட்டம் சின்னதாகத் தெரிந்திருக்கிறது.

பட்டியலில் விண்மீனை ஒட்டியே சுற்றிச் சுடச்சுட இருக்கும் ராட்சதக் கோள்களைப் பார்த்துவிட்டு 'நம்ம சூரியக் குடும்பம்தான் விசித்திரம்' என்று முடிவுகட்டாதீர்கள். இது ரொம்பப் பரவலான தவறு. சூரியன் போன்ற விண்மீன்களில் நூற்றில் ஒன்றுக்குக்கூட அப்படிப்பட்ட கோள் இருக்குமா என்பது சந்தேகம்தான், கண்டுபிடிக்கச் சுலபம் என்பதால் நிறைய மாட்டுகின்றன. குருப்பெயர்ச்சிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும்: ராசிக்கு ஒரு வருஷம், ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 12 வருஷம். வெளியிலிருந்து யாராவது நம் வியாழன் சூரியனுக்குக் குறுக்கே மூன்று முறை போவதைப் பார்க்க வேண்டுமென்றால் 24 வருஷம் கண் கொட்டாமல் இருக்க வேண்டும், அதுவும் சரியான கோணம் அமைந்தால்தான். அந்த வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று.

வியாழனை 'விண்மீனாக ஆகத் தவறியது' என்பதும் மிகை. இன்னும் 80 மடங்கு எடை வேண்டும்.

கடைசியாக, 'சாத்தியக் கோள்' என்பதில் 'சாத்திய'த்தை விட்டுவிடுவது. ஆல்ஃபா சென்டாரி நமக்குத் தெற்கு வானத்தில், தென்சிலுவை விண்மீன் கூட்டத்துக்குப் பக்கத்தில், டர்பன் வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரியும், லோட்ஷெட்டிங் என்ற மின்வெட்டு வர வேண்டியதில்லை. அது ஒரே விண்மீன் இல்லை, ஒரு விண்மீன் குடும்பம். அதில் 'ஏ' என்று பெயரிட்ட விண்மீனுக்கு அருகே 2024 ஆகஸ்டில் வெப் விண்வெளித் தொலைநோக்கிக்கு ஒரு புள்ளி தெரிந்தது. 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் மறுபடி பார்த்தால் காணோம். விண்மீனுக்கு மிக நெருக்கமாகப் போய்விட்டதால் அப்போது தெரியாமல் இருந்திருக்கலாம். சனி அளவு எடை என்பதெல்லாம் கணக்குதான். அந்தப் புள்ளி திரும்பவும் தென்பட்டால்தான் அதைக் கோள் என்று உறுதி செய்வார்கள்.