கபால நரம்புகள்: பெயரை விட்டு வேலையைப் பிடியுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் நர்சிங் சேரும் பிள்ளைகள் 12 இணைக் கபால நரம்புகளின் (பெரும்பாலும் மூளையிலிருந்து நேரே கிளம்பும் நரம்புகள்) பெயரை ஒப்பித்துவிடுவார்கள். ஆளை எதிரே உட்காரவைத்தால்தான் தடுமாற்றம். காபித்தூள், டார்ச், பஞ்சு, 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை (தட்டினால் ஒலிக்கும் கவட்டை வடிவ உலோகக் கருவி) எடுத்துக்கொள்ளுங்கள். கீழே தனியாக வரும் 1 முதல் 12 வரையான எண்கள் நரம்பின் வரிசை எண்கள்.

முதலில் மூக்கு (1). கண்ணை மூடச் சொல்லி, ஒரு நாசியை அடைத்து, மற்றதனருகே காபித்தூளோ பண்ருட்டிப் பலாச்சுளையோ காட்டுங்கள். கற்பூரமும் தைலமும் கூடாது. அவற்றின் எரிச்சலை 5-ஆம் நரம்பு உணர்ந்துவிடும். மோப்பம் போனவரும் "தெரியுது" என்பார். சளி பிடித்திருந்தால் இன்னொரு நாள் பாருங்கள்.

அடுத்து கண். பார்வையை (2) ஒவ்வொரு கண்ணாகப் பார்க்க வேண்டும். பாவையை (கண்ணின் நடுவே ஒளி நுழையும் கருந்துளை) பார்க்க வெயிலடிக்கும் வராந்தா உதவாது, அது ஏற்கெனவே சுருங்கியிருக்கும். மங்கலான அறையில், பக்கவாட்டிலிருந்து ஒரு கண்ணில் டார்ச் அடித்தால் இரண்டுமே சுருங்க வேண்டும். ஒளியின் செய்தியை உள்ளே கொண்டுபோவது 2, சுருங்கவைப்பது 3. பிறகு தலை அசையாமல் உங்கள் விரலைப் பின்தொடரட்டும். கண் வெளிப்பக்கம் போகாவிட்டால் 6. மாடிப்படி இறங்கும்போது இரண்டிரண்டாகத் தெரிந்தால் 4-ஐச் சந்தேகியுங்கள். இமை தொங்கிப் பாவையும் விரிந்தால் 3. கடும் தலைவலியோடு திடீரென வந்தால் அவசரம்.

முகத்தில் நிதானமாக நில்லுங்கள். நெற்றி, கன்னம், முகவாயில் பஞ்சை ஒற்றுங்கள், இழுக்காதீர்கள், தொடுவுணர்வு 5. பல்லைக் கடிக்கவைப்பதும் அதுவே. முகத்தசையை அசைப்பது 7. புருவத்தை உயர்த்தி, கண்ணை இறுக மூடி, பல்லைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் நெற்றி உட்பட முழுதும் அசையாவிட்டால் பெரும்பாலும் கோளாறு நரம்பில். கண் மூடாமல் உலர்ந்து புண்ணாகும் என்பதால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நெற்றி சுருங்கி வாய் மட்டும் கோணினால் மூளையைச் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் நெற்றிக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. "காத்து பட்டுடுச்சு" என்று எண்ணெய் தேய்த்து நேரம் போக்கவேண்டாம். திடீரென வாய் கோணினால், எந்த வகை என்று யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதமாக இருந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டியது.

காதுக்கு (8) இசைக்கவையைத் தட்டிக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் வைத்து, பிறகு காதருகே பிடியுங்கள். காதருகே கூடுதலாகக் கேட்பதே இயல்பு. தோளைத் தூக்குவது, தலையைத் திருப்புவது 11.

கடைசியாக வாய். இங்கேதான் பலரும் திசையை மாற்றிச் சொல்வார்கள். "ஆ" சொல்லும்போது உள்நாக்கை நல்ல பக்கத் தசை தன் பக்கம் இழுக்கும் (10). நாக்கை நீட்டும்போதோ நல்ல பக்கம் தள்ளிவிட, அது பலவீனமான பக்கம் சாயும் (12). விழுங்குவதில் 9-க்கும் பங்குண்டு. குரல் கரகரத்து, இருமவும் வலுவில்லாதவருக்குத் தண்ணீர் கொடுத்துப் பார்க்காதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.