சிற்பத்தின் முதுகிலிருந்து தொடங்குங்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை அவர்களைச் சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு அழைத்துப்போவேன். பிள்ளைகளோடு போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முந்தின ஞாயிறு காலையே பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். நம் கடற்கரை காந்தி சிலையே போதும். முன்னால் நின்று போட்டோ எடுக்க விடாதீர்கள். செஞ்சியிலிருந்து வந்த கருங்கல் தூண்களுக்கு வெளியே ஒரு சுற்று மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். தூண் மறைக்கும், விலகும், ஒவ்வொரு அடிக்கும் சிலை வேறாகத் தெரியும். இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

போகிற அன்று, ஈ.சி.ஆர். வழியாகச் சென்னை போகும் பஸ்ஸில் ஏறும்போதே ஈஞ்சம்பாக்கத்தில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரப் பயணம் என்பதால் விடியற்காலை பஸ்தான் நல்லது. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

வழியிலேயே கதையைச் சொல்லிவிடுங்கள். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் உருவாக்கிய கிராமம் இது. மெழுகு வைத்துச் சாயமேற்றும் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்த வருமானத்தில் ஓவியமும் சிற்பமும் செய்தார்கள். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும்.

தோட்டத்தை முதலில் பாருங்கள், வெயில் ஏறியதும் உள்ளே காட்சிக்கூடத்துக்குப் போகலாம். கருங்கல் சிற்பத்தில் மெருகேற்றிய இடம் கறுப்பாகவும் உளி பட்ட இடம் வெளுப்பாகவும் இருக்கும். "பெயிண்டா சார்?" என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள். உடனே பதில் சொல்லாமல், கிட்டே போய்ப் பார்க்கச் சொல்வேன். உளியின் சின்னச் சின்னப் புள்ளிகளை அவர்களே கண்டுபிடிப்பார்கள். தொட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

உலோகத் தகட்டு வேலைகளுக்கு மட்டும் சுற்றி நடக்கும் விதி மாறும். பி.வி. ஜானகிராம், சுவாமிக்குச் சார்த்தும் கவசம் போலத் தகட்டை அடித்து, கம்பியைப் பற்றவைத்துச் செய்தவர். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் வெல்டிங் செய்தவர். இப்படிப்பட்டவற்றை எதிரே நின்று, கர்ப்பகிரகத்தில் பார்ப்பது போலப் பாருங்கள். அப்புறம் பக்கவாட்டில் வந்து, இணைப்பு ஓடும் கோட்டைக் கண்ணால் தொடருங்கள்.

கடைசி அரை மணி நேரம் போனைப் பையில் வைத்துவிட்டுப் பென்சிலைக் கொடுங்கள். ஆளுக்கு ஒரு சிற்பம், பிடித்த ஒரே ஒரு பகுதி போதும். போன வருஷம் ஒரு சிறுமி வெல்டிங் தழும்பை மட்டும் பக்கம் முழுக்க வரைந்தாள், அம்மா போடும் தையல் மாதிரி இருக்கிறது என்று.