மடிவீக்கம் தின்ற பணத்தைக் கணக்குப் பார்ப்பது எப்படி?

தலவாக்கலைப் பக்கம் மாடு வளர்க்கும் எங்கள் ஆட்கள் நோய்ச் செலவென்றால் மருந்துச் சீட்டை மட்டும்தான் பார்க்கிறார்கள். பெரிய நட்டம் பாலில்தான் போகிறது.

ஒரு கொப்பி போதும். போனில் எக்செல் இருந்தால் இன்னும் வசதி. காலை, மாலைப் பாலை மாடு வாரியாக எழுதுங்கள். மடி வீங்கினால், முந்தைய வாரச் சராசரியிலிருந்து அன்றன்றைய பாலைக் கழியுங்கள். ஊசி போட்டபின் கொட்ட வேண்டிய பாலும் நட்டம்தான். 12 லீற்றர் கறந்த மாடு 7க்கு இறங்கி, அந்த 7 லீற்றரையும் விற்க முடியாவிட்டால் அன்றைய நட்டம் முழு 12 லீற்றர். அதைப் பால் விலையால் பெருக்கி, மருந்து, வைத்தியர் செலவைக் கூட்டுங்கள்.

நோயில்லாவிட்டால் கிடைத்திருக்கக்கூடியதற்கும் இப்போது கிடைத்ததற்கும் உள்ள இடைவெளிதான் நட்டம். விலங்கு நோய்களால் வரும் நட்டத்தைக் கணக்கிடும் ஜிபேட்ஸ் (GBADs) என்ற உலகத் திட்டமும் இந்த இடைவெளியைத்தான் அளக்கிறது.

அப்புறம், மடி ஆறியதும் எழுதுவதை நிறுத்தாதீர்கள். அந்தக் கறவைக் காலம் முடியும்வரை பால் பழைய அளவுக்கு வராமலே போகலாம்.