கல்வி ஆய்வைத் திறந்த அணுகலில் வெளியிடும்போது எங்கே தவறுகிறோம்?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னக் கணக்கில் எந்தப் படியில் சறுக்குகிறார்கள் என்று இரண்டு ஆண்டு உழைத்து ஒருவர் கட்டுரை எழுதுகிறார். அதைப் படிக்க வேண்டியவர்கள் அந்தப் பிள்ளைகளின் ஆசிரியர்கள், ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களின் விரிவுரையாளர்கள், பாடநூல் எழுதுவோர். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய ஆய்வு நிறுவனங்களுக்கும்தான் சந்தா இதழ்களைத் திறந்துவிட்டது. பள்ளி ஆசிரியருக்கு அந்தக் கதவு இல்லை. யாரும் சந்தா இல்லாமல் படித்துப் பயன்படுத்த விடும் திறந்த அணுகல், கல்வித் துறையில் மற்ற துறைகளைவிட அவசியமாவது இதனால்தான். அப்படி வெளியிடும்போது திரும்பத் திரும்ப நேரும் தவறுகளில் பெரும்பாலானவை கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே தடுக்கக்கூடியவை.

முதல் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. இணையத்தில் காசில்லாமல் திறப்பதெல்லாம் திறந்த அணுகல் ஆகாது. திறந்த அணுகல் என்றால் என்ன என்று 2002இல் வரையறுத்த புடாபெஸ்ட் அறிக்கை, படிப்பதோடு தரவிறக்கவும் நகலெடுக்கவும் பகிரவும் பயன்படுத்தவும் உரிமை இருக்க வேண்டும் என்றது. கட்டுரையின் முதல் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் எது என்று அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால், பயிற்சி வகுப்பில் 40 படி எடுத்துக் கொடுக்கக்கூட உரிமை இருக்கிறதா என்பது சந்தேகம்தான்.

காசு கட்டினால்தான் என்ற நினைப்பு

திறந்த அணுகலில் வெளியிட இதழுக்குக் காசு கட்டியே ஆக வேண்டும் என்று நினைப்பதுதான் அதிகப் பணத்தை வீணாக்கும் தவறு. கட்டுரை எழுதுபவரிடமும் வாசகரிடமும் கட்டணம் வாங்காத இதழ்களை ‘டயமண்ட்’ வகை என்பார்கள். கல்விக் கொள்கைக்கு ‘எஜுகேஷன் பாலிசி அனாலிசிஸ் ஆர்க்கைவ்ஸ்’ 1993 முதல் வருகிறது. மதிப்பீட்டு முறைகளுக்கு ‘பிராக்டிகல் அசெஸ்மென்ட், ரிசர்ச் அண்ட் எவாலுவேஷன்’ 1999 முதல் வருகிறது. இரண்டும் இந்த வழியில் வளர்ந்தவை, துறையில் மதிக்கப்படுபவை. திறந்த அணுகல் இதழ்களின் அடைவான டி.ஓ.ஏ.ஜே. தளத்தில் இதழ்களைத் தேடும்போது கட்டணம் இல்லாதவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி உண்டு. அடைவில் உள்ள இதழ்களில் பாதிக்கு மேல் அந்த வகையில் சேரும். கல்வி என்ற பாடத்தையும் சேர்த்து வடிகட்டிவிட்டுப் பிறகு தேர்ந்தெடுங்கள்.

கட்டணம் உள்ள இதழையே நாட வேண்டியிருந்தால், சலுகையை எப்போது கேட்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். கட்டுரையைச் சமர்ப்பிக்கும்போதே கேட்க வேண்டும். ஏற்புக் கடிதம் வந்தபின் கேட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள். இன்னொன்று: பல பெரிய பதிப்பகங்கள் குறைந்த வருவாய் நாடுகளுக்கு முழு விலக்கும், கீழ்நடுத்தர வருவாய் நாடுகளில் மொத்த உள்நாட்டு உற்பத்தி 20,000 கோடி டாலருக்குக் கீழ் உள்ளவற்றுக்குப் பாதிச் சலுகையும் தருகின்றன. இந்தக் கணக்கில் இலங்கை ஆய்வாளருக்குப் பாதிக் கட்டணம் குறையலாம். இந்தியா வருமானத்தால் கீழ்நடுத்தர வகைதான், ஆனால் பொருளாதாரத்தின் அளவு பெரிது என்பதால் தானாகக் கிடைக்கும் சலுகையில் சேராது. தனியாகக் காரணம் எழுதித்தான் கேட்க வேண்டும்.

பட்டியலை நம்பி ஏமாறுவது

‘யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்ற இதழ், 3 நாளில் ஏற்பு’ என்று மின்னஞ்சல் வரும். 2018 மே மாதம் யு.ஜி.சி. என்னும் பல்கலைக்கழக மானியக் குழு தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்கியது. அதற்குப் பின் வந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. இதழ் தரமானதா என்று பார்க்கும் பொறுப்பு இப்போது நிறுவனத்திடமும் ஆய்வாளரிடமும் வந்துவிட்டது. ஆகவே இன்று ஓர் இதழ் அந்த முத்திரையைப் புதிதாகக் காட்டிக்கொண்டால் அதுவே எச்சரிக்கை. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனையையும் யு.ஜி.சி. 2022 விதிமுறைகளில் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் அதை வைத்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாத நிபந்தனைக்காக அவசரப்பட்டுப் பேப்பர் போட்டுவிட்டு, நல்ல தரவைப் பாழாக்க வேண்டாம்.

நல்ல இதழின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணையும் திருடி அப்படியே போலித் தளம் கட்டுவதும் நடக்கிறது. அதனால் மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொடாதீர்கள். ஐ.எஸ்.எஸ்.என். போர்ட்டலில் அந்த 8 இலக்க எண்ணை இட்டு, அங்கே பதிவான இதழின் பெயரும் இணைய முகவரியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பின் கடைசி இதழில் ஏதாவது இரண்டு கட்டுரைகளின் டி.ஓ.ஐ. எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான அடையாள எண்) எடுத்து doi.org தளத்தில் ஒட்டித் திறந்து பாருங்கள். திறக்காத எண் வெறும் அலங்காரம். இதழின் ஆசிரியர் குழுவில் மூன்று பேரைத் தேடி, அவர்களின் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்கெல்லாம் அரை மணி நேரம் போதும். ஐ.எஸ்.எஸ்.என். இருப்பது தரச் சான்று அல்ல. அது இதழை அடையாளம் காட்டும் எண், அவ்வளவுதான்.

3 நாளில் ஏற்பு ஏன் நடக்காது? பொருத்தமான இரண்டு மதிப்பாய்வாளர்களைத் தேடி, அவர்கள் ஒப்புக்கொண்டு, மாதிரி எடுத்த விதத்தையும் நம்பகத்தன்மைக் கணக்கையும் படித்துக் குறிப்பு எழுதவே வாரக்கணக்கில் ஆகும். அது நடக்கவில்லை என்றால் உங்கள் கட்டுரையை யாரும் படிக்கவில்லை என்று பொருள். அனுப்பிய பிறகு விழித்துக்கொண்டால் உடனே எழுத்தில் திரும்பப் பெறுங்கள், பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். ‘திரும்பப் பெறும் கட்டணம்’ கேட்டு மிரட்டினாலும் கட்ட வேண்டாம்.

மொழிபெயர்ப்பைத் தடுக்கும் உரிமம்

உரிமம் கேட்கும் கட்டத்தில் பலர் பயந்துபோய் இருப்பதிலேயே இறுக்கமானதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உரிமத்தின் பெயரில் ‘என்.டி.’ என்று இருந்தால், மாற்றிய வடிவத்தை வெளியிடக் கூடாது என்று பொருள். மொழிபெயர்ப்பும் மாற்றிய வடிவம்தான். ஆங்கிலத்தில் எழுதிய உங்கள் கட்டுரையை ஓர் ஆசிரியர் தமிழாக்கிச் சக ஆசிரியர்களுக்குப் பகிர விரும்பினால், அந்த இரண்டு எழுத்து அவரைத் தடுக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு தமிழில் போகாமல் நிற்பதைவிட வருத்தம் வேறில்லை.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் தாராளமான ‘சிசி பை’ உரிமம் கொடுத்தால் பெயர் போய்விடும் என்ற அச்சம் தவறு. அந்த உரிமத்தின் ஒரே முக்கிய நிபந்தனையே உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதுதான். மாற்றம் செய்திருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். ஆனால் கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது, ஆகவே யோசித்துத் தேர்ந்தெடுங்கள். பிறர் உருவாக்கிய வினாப்பட்டியலையோ படத்தையோ கட்டுரையில் சேர்த்திருந்தால், உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அந்தப் பகுதி இந்த உரிமத்தில் அடங்காது என்று அதன் கீழேயே குறிப்பிட வேண்டும்.

கேள்வித்தாளும் பிள்ளைகளின் தரவும்

மதிப்பீட்டு ஆய்வுக்கே உரிய சிக்கல் இது, கேடும் இதில்தான் அதிகம். பீசா, டிம்ஸ் போன்று மாணவர்களின் கற்றலை அளக்கும் பன்னாட்டு ஆய்வுகள் ஒவ்வொரு சுற்றிலும் சில கேள்விகளை மட்டும் வெளியிட்டு மற்றவற்றை மறைத்து வைக்கின்றன. அடுத்த சுற்றின் மதிப்பெண்ணை முந்தைய சுற்றோடு ஒப்பிட அதே கேள்விகள் திரும்ப வேண்டும். உங்கள் அடைவுத் தேர்வை அடுத்த ஆண்டும் நடத்தப் போகிறீர்கள் என்றால் முழுத் தேர்வையும் பின்னிணைப்பில் போடாதீர்கள். ஒருமுறை திறந்த இணையத்தில் வந்த கேள்வி பயிற்சித் தாளாகிவிடும். அதன் கடினத்தன்மை குறைந்துவிடும், பிள்ளைகள் முன்னேறியதுபோல் பொய்த்தோற்றம் வரும்.

அதற்காக எதையுமே காட்டாமல் விடுவதும் தவறு. தேர்வின் வடிவமைப்பு அட்டவணை, எல்லாக் கேள்விகளின் கடினத்தன்மை, பிரித்தறியும் திறன் எண்கள் (நன்றாகத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் கேள்வி எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பது), மாதிரிக்கு இரண்டு மூன்று கேள்விகள் ஆகியவற்றைக் கொடுங்கள். மீதி கேட்டுப் பெறலாம் என்று எழுதுங்கள். ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தவே செய்த குறையறி சோதனை என்றால் நேர்மாறாகச் செய்ய வேண்டும்: தமிழ் வடிவம், விடைக்குறிப்பு, மதிப்பெண் இடும் முறை எல்லாவற்றையும் ஜெனோடோ போன்ற இணையக் களஞ்சியத்தில் தனி டி.ஓ.ஐ.யோடு ஏற்றுங்கள். கல்வி ஆய்வுச் சங்கமான ஏ.ஈ.ஆர்.ஏ. உள்ளிட்ட மூன்று அமெரிக்க அமைப்புகள் 2014இல் வெளியிட்ட சோதனைத் தர நெறிகள் 2021 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் மதிப்பாய்வாளர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு முன்கூட்டியே பதில் இருக்கும்.

தரவைத் திறப்பதாக இருந்தால், பெற்றோரிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்திலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆய்வு முடிந்தபின் நினைவு வந்தால் காலம் கடந்துவிட்டது. பெயரை நீக்கியது போதும் என்று நினைக்காதீர்கள். மாணவருக்குரிய எமிஸ் எண், பள்ளியின் 11 இலக்க யுடைஸ் எண், தேர்வுப் பதிவு எண், பிறந்த தேதி எல்லாம் போக வேண்டும். தேதிக்குப் பதில் முழு வயது போதும். அதன்பிறகும் ஆபத்து உண்டு: ஒரு சிற்றூர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் செவித்திறன் குறைந்த சிறுமி ஒருத்திதான் என்றால், அந்த வரிசையைப் பார்த்ததும் ஊரே அவளை அடையாளம் காணும். பள்ளி, வகுப்பு, பாலினம் போன்ற விவரங்களின் எந்தச் சேர்க்கையிலும் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் வகைகளை ஒன்றாக்குங்கள். அப்படியும் முடியாதபோது பின்னணி விவரம் எதுவும் இல்லாத சரி–தவறு விடை அட்டவணையை மட்டும் திறக்கலாம். கேள்விகளின் கடினத்தன்மையையும் மாணவர் திறனையும் ஒரே அளவுகோலில் கணிக்கும் ராஷ் பகுப்பாய்வை மறுபடி செய்து பார்க்க அதுவே போதும்.

கட்டுரை வெளிவந்த பிறகு

சந்தா இதழில் வெளியானாலும் ஒரு படியைச் சட்டப்படி திறந்து வைக்கலாம். ஆனால் பலரும் பதிப்பகத்தின் அழகான பி.டி.எஃப்.-ஐ ஆய்வாளர்களின் சமூகத் தளமான ரிசர்ச்கேட்டில் ஏற்றிவிடுகிறார்கள். பெரும்பாலான சந்தா இதழ்கள் அதை அனுமதிப்பதில்லை. அனுமதிக்கப்படுவது, மதிப்பாய்வுக்குப் பின் திருத்தி ஏற்கப்பட்ட உங்கள் வேர்ட் கோப்பு. அதையும் 12 முதல் 24 மாதம் கழித்துத் திறக்கச் சொல்லும் இதழ்கள் உண்டு. இதழின் விதியை, முன்பு ஷெர்பா ரோமியோ எனப்பட்ட ஓப்பன் பாலிசி ஃபைண்டர் தளத்தில் பார்க்கலாம். ஏற்புக் கடிதம் வந்த அன்றே அந்தக் கோப்பைத் தனியாகச் சேமியுங்கள். ஓராண்டு கழித்துத் தேடினால் எது கடைசி வடிவம் என்று தெரியாது.

தலைப்பெழுத்தும் பெயரும் கொண்ட நமக்கு இன்னொரு இடர்: குடும்பப்பெயர் கேட்கும் கட்டத்தில் ஒருமுறை தலைப்பெழுத்து, இன்னொருமுறை தந்தை பெயர் என்று நிரப்பினால் தரவுத்தளம் உங்களை வெவ்வேறு ஆளாகக் காட்டும். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணை இலவசமாகப் பெற்று எல்லாக் கட்டுரையிலும் கொடுங்கள்.

தமிழில் எழுதும் ஆய்வேடுகளும் கட்டுரைகளும் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகின்றன. களஞ்சியத்தில் ஏறியும் அவை தேடலில் அகப்படாது, கணினிக்கு அவை தமிழே அல்ல. பி.டி.எஃப்.-ஐ ஏற்றுவதற்கு முன் அதில் ஒரு வரியை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் ஏற்றலாம். வேறு ஏதோ குறிகள் வந்தால் யுனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள்.