பெங்களூரில் புதிதாகக் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு: நவோதயா தேர்வுக்குப் பிள்ளையைத் தயார் செய்வது

தமிழ்நாட்டில் நவோதயா பள்ளிகள் இல்லை. அதனால் பெங்களூருக்கு வந்த நம்மவர் பலருக்கு, இங்கே தங்கள் பிள்ளைக்கு அப்படியொரு வாய்ப்பு இருப்பதே தெரிவதில்லை. மத்திய அரசின் உறைவிடப் பள்ளிகள் இவை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படிப்பும் உணவும் தங்குமிடமும் உண்டு. மேல் வகுப்புகளில் சிலரிடம் மட்டும் சிறு தொகை வாங்குவார்கள். ஆறாம் வகுப்புக்கான நுழைவுத்தேர்வை ஒரு பிள்ளை ஒரே ஒருமுறைதான் எழுத முடியும்.

அட்டவணை போடும் முன் தகுதியைப் பாருங்கள். எந்த மாவட்டப் பள்ளிக்கு விண்ணப்பிக்கிறீர்களோ, அதே மாவட்டத்தில் குடியிருந்து, அங்கேயே ஐந்தாம் வகுப்பு முழுவதும் படித்திருக்க வேண்டும். வாடகை குறைவு என்று ஓசூரில் வீடெடுத்து, பிள்ளையைக் கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளிப் பக்கம் பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. இடங்களில் குறைந்தது 75 விழுக்காடு கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. நகரத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் போட்டி கடுமை என்பதை அறிந்தே இறங்குங்கள்.

தேர்வு இரண்டு மணி நேரம். 80 கேள்விகள், 100 மதிப்பெண்கள். இதில் 40 கேள்விகள், அதாவது பாதி மதிப்பெண், மனத்திறன் பகுதிக்கு. முழுக்கப் படங்கள்தான்: வேறுபட்ட உருவம், கண்ணாடிப் பிம்பம், தாளை மடித்துத் துளையிட்டு விரிப்பது, மறைந்திருக்கும் உருவம் என்று பத்து வகைகள், வகைக்கு நான்கு கேள்விகள். வீட்டில் பிள்ளையைக் கணக்கிலேயே உட்கார வைத்துவிட்டு, பள்ளியில் சொல்லித்தராத இந்தப் பகுதியைக் கடைசி மாதத்துக்குத் தள்ளுவது பெரும் இழப்பு. ஜூனில் பள்ளி திறந்ததும் வாரம் ஒரு வகை என்று எடுத்தால் ஆகஸ்டு நடுவில் பத்தும் முடியும். மடிக்கும் கேள்விகளுக்குப் புத்தகம் போதாது. பழைய செய்தித்தாளைக் கையில் கொடுத்து மடித்து, வெட்டி, விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கை அறிந்ததைக் கண் மறக்காது.

கணக்குக்கு 20 கேள்விகள். பின்னம், தசமம், மீச்சிறு பொது மடங்கு ஆகியவற்றை முதலில் உறுதியாக்கிவிட்டு, லாப நட்டக் கணக்குகளுக்குப் போகலாம். மொழிப் பகுதி நான்கு பத்திகளைப் படித்துப் பதில் சொல்வது. தினம் ஒரு பக்கம் வாசித்தால் போதும். தேர்வு மொழியை விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். பிள்ளை எந்த மொழியில் தடங்கலின்றி வாசிக்கிறதோ அதையே எழுதுங்கள். புதிதாகக் கற்கும் கன்னடத்தை இதற்குள் திணிக்க வேண்டாம். அதைத் தெருவில் விளையாடும்போது பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும்.

நாளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பள்ளி வேன் நெரிசலில் ஊர்ந்து வந்து இறக்கிவிடும் பத்து வயதுப் பிள்ளையின் களைப்பை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். காலையில் முக்கால் மணி நேரம் கணக்கு; மாலையில் விளையாடிவிட்டு வந்தபின் முக்கால் மணி நேரம் படங்களும் வாசிப்பும். சனிக்கிழமை, அந்த வாரம் தவறியவற்றை மட்டும் பாருங்கள்.

தசரா விடுமுறையிலிருந்து ஞாயிறுதோறும் முழு மாதிரித் தேர்வு. அதைக் காலை 11.30 மணிக்கே தொடங்குங்கள்; உண்மைத் தேர்வும் அந்த நேரத்தில்தான். விடைத்தாளில் வட்டங்களைப் பேனாவால் நிரப்ப வேண்டும், பென்சில் கூடாது. அந்தப் பழக்கமும் இப்போதே வரட்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் ஒரு கேள்வியையும் விடக் கூடாது. தீபாவளிக்கு ஊருக்குப் போனால் புத்தகத்தை எடுத்துச் செல்ல வேண்டாம்; தாத்தா பாட்டியோடு இருக்கட்டும்.

விண்ணப்பத்துக்குத் தலைமையாசிரியர் கையொப்பமிட்ட சான்று தேவை. அறிவிப்பு வந்த வாரமே பள்ளிக்குப் போய் வாங்கிவிடுங்கள். ஆறாம் வகுப்பில் இடம் கிடைக்காவிட்டால், காலியிடம் இருக்கும் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பில் சேர எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனித் தேர்வு நடத்துகிறார்கள். அதற்கும் அதே மாவட்டத்தில் படித்துக்கொண்டிருக்க வேண்டும். வீடு மாற்றும்போது இதை மனத்தில் வையுங்கள்.